மரக்காணம் கரையின் முதுமரங்களும் அவற்றின் மேல் வாழும் உயிர்களும்: ஓர் ஆய்வு வரலாறு

சோழமண்டலக் கடற்கரையின் மரங்களைத் தாவரவியலாளர்கள் 200 ஆண்டுகளுக்கும் மேலாகப் பதிவு செய்துவருகிறார்கள். அந்தப் பதிவில் மரம் நெடுங்காலம் ஓர் இனத்தின் பெயராக மட்டுமே நின்றது. அதன் பட்டையில் ஒட்டியதும் கிளையில் படர்ந்ததும் பொந்தில் குடியிருந்ததும் வேறு வேறு நூல்களில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இடம்பெற்றன. எந்த மரத்தில் எது வாழ்கிறது, மரம் பருத்து முதிரும்போது அந்தக் குடியிருப்பு எப்படி மாறுகிறது என்ற கேள்வி இந்தக் கரையில் கடந்த முப்பது ஆண்டுகளில்தான் ஆய்வுக்கு வந்தது.

விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணத்தில் உப்பளங்களும் கழுவெளி என்னும் ஆழமற்ற உவர்நீர்ப் பரப்பும் கடலை ஒட்டிக் கிடக்கின்றன. பாத்திகளின் உவர்மண்ணில் மரம் நிற்காது. அவற்றைத் தாண்டிய மணல் மேடுகளிலும் செம்மண் நிலத்திலும்தான் வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காட்டின் எச்சங்கள் உள்ளன. ஆண்டு மழை 1,200 மில்லிமீட்டரைச் சுற்றி அமையும். அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடும். பிறகு நீண்ட வறட்சி. இத்தனை வறட்சியிலும் இந்தக் காடு மொத்தமாக இலையுதிர்ப்பதில்லை. உலக்கைப்பாலை, வீரை, காசான், கருங்காலி முதலியவை தடித்த சிறிய இலைகளுடன் கோடையைக் கடக்கின்றன. காட்டின் மேல்விதானம் பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு மீட்டர் உயரத்துக்குள் அடங்கிவிடும். எனவே இங்கே ‘பெருமரம்’ என்பதை மழைக்காட்டின் அளவுகோலால் அளக்கக் கூடாது. உயரம் குறைந்தாலும் அடிமரம் பருத்து, புடைத்து, பொந்துவிட்ட முதிய மரமே இந்தக் கரையின் பெருமரம்.

மரத்தின் மேல் வாழும் ஒன்றுக்கு இந்தக் கரையிலிருந்து கிடைத்த பழைய அறிவியல் பதிவுகளில் ஒன்று ஓர் ஆர்க்கிட். 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்த யோகான் கெர்ஹார்ட் கோனிக், லின்னேயசின் முறைப்படி இப்பகுதியின் தாவரங்களைத் திரட்டத் தொடங்கினார். அவருடன் பழகிய வில்லியம் ராக்ஸ்பரோ 1795-இல் வெளிவரத் தொடங்கிய சோழமண்டலக் கரைத் தாவரங்கள் பற்றிய படநூலில், மரக்கிளையில் தொற்றி வளரும் கட்டமிட்ட பூவுள்ள ஆர்க்கிடை விவரித்தார். இன்று அது வாண்டா டெசல்லாட்டா எனப்படுகிறது. அதன் தடித்த வேர்களைச் சுற்றிய பஞ்சு போன்ற உறை சிறிது மழையையும் பனியையும் உறிஞ்சிக்கொள்ளும். வறண்ட கரையில் தொற்றுத் தாவரமாக வாழ அதற்கு இந்த அமைப்பே துணை. எனினும் ராக்ஸ்பரோவின் அக்கறை இனத்தை அடையாளம் காண்பதில் இருந்தது. அது தொற்றியிருந்த மரத்தின் வயதோ பருமனோ அந்தக் காலத்து ஆய்வுக்குத் தேவைப்படவில்லை. 1915-இல் கேம்பிள் தொடங்கி, அவருக்குப் பின் 1936-இல் முடிந்த சென்னை மாகாணத் தாவர நூலும் இந்த மரபில் வந்ததே.

அதே 1936-இல் ஹாரி சாம்பியன் இந்தியா, பர்மா காடுகளை வகைப்படுத்தினார். அதை எஸ். கே. சேத்துடன் சேர்ந்து 1968-இல் திருத்தி வெளியிட்டார். உலர் பசுமைமாறாக் காடு என்ற வகைக்கு இந்த நூல்கள் நிலையான இடம் தந்தன. 1955-இல் தொடங்கப்பட்ட பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம் அடுத்த கட்டத்தை எடுத்துச் சென்றது. அங்கிருந்து பிளாஸ்கோவும் லெக்ரியும் 1973-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் கோடியக்கரை, மரக்காணம் காடுகளைப் பற்றி எழுதிய கட்டுரை, மரக்காணத்தின் பெயரைத் தலைப்பிலேயே தாங்கியது. அடுத்த ஆண்டு மெஹர்-ஹோம்ஜி இக்காட்டு வகையின் தோற்றத்தை ஆராய்ந்தார். இது தட்பவெப்பத்தின் இயல்பான விளைவா, மனிதக் கையால் குலைந்த பழைய காட்டின் மிச்சமா என்பதே விவாதம்.

முதுமரங்களைப் பற்றிய ஆய்வுக்கு இந்த விவாதம் முக்கியமானது. விறகுக்குத் திரும்பத் திரும்ப வெட்டப்பட்ட இடத்தில் ஒரே அடியிலிருந்து பல மெல்லிய தண்டுகள் கிளம்பிப் புதராகிவிடும். அதை மட்டும் பார்ப்பவருக்கு இந்தக் கரைக்குப் பருத்த மரமே வாய்க்காது என்று தோன்றும். அந்த முடிவைத் தடுத்தவை கோயில் காடுகள். மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையில், கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு அருகே கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீசுவரர் அய்யனார் கோயிலைச் சூழ்ந்த காடு அவற்றுள் நன்கு ஆராயப்பட்டது. அய்யனாருக்கு அஞ்சிக் கிளை ஒடிக்காத வழக்கம், ஆய்வாளர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு காட்டையே விட்டுவைத்திருந்தது.

புதுவைப் பல்கலைக்கழகத்தின் ந. பார்த்தசாரதியும் அவருடைய மாணவர்களும் 1990களில் இங்கே நிலையான ஆய்வுப் பரப்பு அமைத்தார்கள். மரங்கள், கொடிகள் பற்றிய முதல் முடிவுகள் 1997-இல் அச்சாயின. 1992 முதல் 2002 வரையிலான மாற்றங்களை வெங்கடேசுவரனும் பார்த்தசாரதியும் 2005-இல் வெளியிட்டார்கள். ஒரே பரப்பின் மரங்களை மீண்டும் அளப்பது எளிய வேலையாகத் தெரியலாம். ஆனால் எது வளர்ந்தது, எது மாண்டது என்பதை இந்தக் கரையில் ஊகத்திலிருந்து கணக்குக்குக் கொண்டுவந்தது அந்த வேலைதான்.

அடுத்து வந்த கேள்வி கொடிகளைப் பற்றியது. இந்தக் கரையின் பல்லுயிர் ஆய்வில் இதுவே செழிப்பான பகுதி. 2003-இல் ரெட்டியும் பார்த்தசாரதியும் சோழமண்டலக் கரையின் நான்கு காடுகளில் மரத்தன்மை கொண்ட கொடிகளை ஆராய்ந்தனர். 2006-இல் உள்நாட்டுப் பகுதியின் நான்கு காடுகளில் எந்தக் கொடி எந்த மரத்தைத் தாங்குமரமாகக் கொள்கிறது என்பதையும் எழுதினர். ஓடைக்கொடி, மோதிரக்கன்னி, ஆதொண்டை போன்றவை ஏறும் விதத்தில் வேறுபடுகின்றன. ஓடைக்கொடி சுற்றிக்கொண்டு ஏறும். மோதிரக்கன்னி சுருண்ட கொக்கியால் பற்றும். ஆதொண்டை வளைந்த முள்ளால் தொற்றும். மெல்லிய மரத்தில் ஏற ஒரு முறையும் பருத்த மரத்தில் ஏற வேறு முறையும் வேண்டும். ஆகவே தாங்குமரத்தின் பருமன் ஓர் உயிரியல் தகவலாகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையோடு ஒப்பிட்டால் இதன் பொருள் விளங்கும். ஆனைமலையின் வரகளியாறு மழைக்காட்டில் 30 ஹெக்டேர் பரப்பின் தொற்றுத் தாவரங்களை அண்ணாசெல்வமும் பார்த்தசாரதியும் 2001-இல் வெளியிட்டார்கள். அங்கே ஈரமான கிளைகளில் பெரணியும் ஆர்க்கிடும் குடியேறுகின்றன. கடற்கரையில் மண்ணைத் தொடாத செடிக்கு மாதக்கணக்கில் நீர் இல்லை. வாண்டா போன்ற சிலவே தாக்குப்பிடிக்கும். மண்ணில் ஆழ வேரூன்றி விதானத்தில் இலை விரிக்கும் கொடிக்கோ அந்தத் தடை இல்லை. மழைக்காட்டில் தொற்றுத் தாவரம் நிரப்பும் இடத்தில் பெரும்பகுதியை இங்கே கொடி நிரப்புகிறது என்று கொள்வது தகும்.

மரமே மரத்தின் மேல் குடியேறுவதும் இந்தக் கரையில் உண்டு. பனையின் பழைய மட்டைகளுக்கு இடையில் தூசியும் சருகும் சேரும். ஆலம்பழம் தின்ற பறவை அங்கே எச்சமிட, ஆல் முளைத்து, விழுதுகள் பனையைச் சுற்றி இறங்கி மண்ணைத் தொடும். அந்த ஆலின் காய்க்குள் மகரந்தம் சேர்க்க யூப்ரிஸ்டினா மசோனி என்ற நுண்குளவி வரவேண்டும். குளவி முட்டையிட ஆலங்காய் வேண்டும். புல்லுருவிக்கும் அதன் பழத்தைத் தின்று விதை பரப்பும் பூங்கொத்திக்கும் உள்ள உறவைப் பிரியா தவிதார் தென்னிந்தியாவில் 1980களில் ஆராய்ந்தார். முதிய வீரையின் பள்ளமும் புடைப்புமான தண்டில் விழும் பொந்துகள் புள்ளி ஆந்தைக்கும் பச்சைக்கிளிக்கும் ஏற்றவை. நேர்த்தியான இளமரத்தில் இவை கிடைப்பதில்லை.

உலக அளவில் இந்த ஆய்வுக்கு வேகம் கொடுத்தது 1982-இல் டெர்ரி எர்வின் எழுதிய சிறு கட்டுரை. பனாமாவில் ஒரே இனத்தைச் சேர்ந்த 19 மரங்களில் பூச்சிக்கொல்லிப் புகை செலுத்தி ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டினங்களைப் பெற்ற அவர், வெப்பமண்டலக் கணுக்காலிகள் மூன்று கோடி இனங்கள் இருக்கலாம் எனக் கணித்தார். நியூகினியில் நோவோட்னி குழுவினர் 2002-இல் செய்த ஆய்வு அதைப் பெரிதும் குறைத்தது. கணிப்பு தளர்ந்தாலும் மரத்தின் மேற்பகுதியைத் தனி வாழிடமாகப் பார்க்கும் வழக்கம் நிலைத்தது. தமிழகத்தில் களக்காடு-முண்டந்துறையின் காக்காச்சிப் பகுதியில் மகரந்தச் சேர்க்கை பற்றித் தேவியும் தவிதாரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு அந்த வழியில் அமைந்தது. உயரம் குறைந்த மரக்காணம் காடுகளில் ஏணியே பெரும்பாலும் போதும் என்பதால், செலவு குறைந்த விதான ஆய்வுக்கு இவை மிகப் பொருத்தமான களம்.

2012-இல் லிண்டன்மேயர், லாரன்ஸ், ஃபிராங்க்ளின் ஆகியோர் பெரிய முதிய மரங்கள் உலகெங்கும் குறைந்துவருவதை ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். அதற்கு ஓராண்டு முன்பு, 2011 டிசம்பர் 30 அன்று, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகக் காற்றுடன் கரையேறி ஏராளமான மரங்களைச் சாய்த்திருந்தது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலும் இதே கரையில் ஏறியது. மரம் விழும்போது கொடி எளிதில் சாவதில்லை. விழுந்த தண்டிலிருந்தே பல கொடிகள் மீண்டும் தளிர்க்கும் என்பதைப் பனாமாவில் ஃபிரான்சிஸ் புட்ஸ் 1984-இலேயே காட்டியிருந்தார். ஆனால் பொந்துக்கும் சொரசொரத்த பட்டைக்கும் அந்த வாய்ப்பு இல்லை. 1968-இல் தொடங்கிய ஆரோவில்லில் நட்டு வளர்க்கப்பட்ட உலர் பசுமைமாறாக் காடுகள் இனப்பட்டியலை மீட்டுத் தருகின்றன. அவற்றின் மிக மூத்த மரங்களுக்கே சுமார் ஐம்பது வயதுதான். காசானும் கருங்காலியும் மெல்ல வளர்பவை. அவை பொந்துவிட இன்னும் பல பத்தாண்டுகள் ஆகும். அதுவரை பொந்தில் வாழும் பறவைகளுக்குக் கோயில் காடுகளில் எஞ்சிய முதுமரங்களும் வயல் வரப்பின் பட்ட பனைகளுமே இடம் தர வேண்டியிருக்கிறது.