நைட்ரஸும் ஜாமீன் போட்ட கியர் பாக்ஸும்

2001-ல் வந்த 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்' பார்த்தவர்களுக்கு அந்தப் பட்டன் ஞாபகம் இருக்கும். ஒரு அழுத்து, கார் பறக்கும்! சிலிண்டருக்குள் இருப்பது நைட்ரஸ் ஆக்சைடு, 1772-ல் பிரீஸ்ட்லி கண்டறிந்த அதே 'சிரிப்பு வாயு'. 'பைக்குக்கும் போடலாமாடா?' என்று கேட்ட ஒரு நண்பனுக்காகத்தான் இந்தப் பதிவு.

கதை ஆரம்பிப்பது காரில் அல்ல, விமானத்தில். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர்கள் 'ஜி.எம்.-1' என்ற பெயரில் இதைப் போர் விமானங்களில் வைத்தார்கள். பிரிட்டன் தன் மஸ்கிட்டோ விமானங்களில் வைத்தது. உயரே போகப் போகக் காற்று மெலிந்து எஞ்சின் திணறும். காற்றின் எடையில் ஆக்சிஜன் 23 சதவீதம்தான், நைட்ரஸில் 36. அதாவது, உயரத்தில் இழந்த பலத்தை அது திருப்பிக் கொடுத்தது. இதை மறந்துவிடாதீர்கள்.

போர் முடிந்தது, ஓடுபாதைகள் சும்மா கிடந்தன. 1950-ல் கலிபோர்னியாவின் சான்டா ஆனா விமானத்தளத்தில் டிராக் ரேஸ் தொடங்கியது. நம் சென்னைக்கு வடக்கே சோழவரத்திலும் இதே கதைதான். 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வரும்வரை, போர்க்காலத்து ஓடுபாதையில்தான் ரேஸ் நடந்தது.

அமெரிக்காவில் 1964-ன் போன்டியாக் ஜி.டி.ஓ.வோடு 'மசில் கார்' காலம் பிறந்தது. 1970-களின் கடைசியில் நைட்ரஸ் கிட்டுகள் கடைக்கு வந்தன. இங்கேதான் கணக்கு மாறியது. விமானத்தில் இழந்ததை ஈடுகட்டிய வாயு, தரையில் முழு பலத்தோடு ஓடும் எஞ்சின் மேல் கூடுதலாக ஏறியது.

ஒரு சின்னக் கணக்கு. எஞ்சின் முறுக்குவிசை 500 நியூட்டன் மீட்டர், முதல் கியர் விகிதம் 2.20 என்றால் கியர் பாக்ஸிலிருந்து வெளியே வருவது 1,100. நைட்ரஸ் 200 கூட்டினால் 1,540. அதுவும் படிப்படியாக அல்ல, கண்ணிமைக்கும் நேரத்தில்.

முதலில் கிளட்ச் வழுக்கும். ஒருவகையில் அது ஃபியூஸ் மாதிரி, மற்றதைக் காப்பாற்றும். கடுமையான கிளட்ச் போட்டால் அடி கியர் பற்களுக்குப் போகும். கியர் பாக்ஸை பலப்படுத்தினால் யுனிவர்சல் ஜாயின்ட், பிறகு கிரவுன், கடைசியில் ஆக்சில். டயர் வழுக்கும்வரை எல்லாம் தப்பிக்கும். நல்ல பிடிப்புள்ள டயர் போட்டதும் ஏதோ ஒன்று உடையும்.

செவர்லேயின் பெரிய எஞ்சின்களுக்காக 1965-ல் வந்த மன்சி எம்-22 கியர் பாக்ஸில் பற்களின் சாய்வைக் குறைத்தார்கள். சாய்வு குறைந்தால் பக்கவாட்டுத் தள்ளல் குறையும், சத்தம் கூடும். அந்த இரைச்சலால்தான் அதற்குக் 'கல் உடைப்பான்' என்று பட்டப்பெயர்.

மேனுவல் கியரில் நைட்ரஸ் போடுபவர்கள் பின்னாளில் பாடம் கற்றார்கள். குறைந்த ஆர்.பி.எம்.மில் திறக்கக்கூடாது, அங்கேதான் முறுக்கு அதிகம் எகிறும். கிளட்சை மிதித்ததும் வாயு நிற்க ஒரு சுவிட்ச். வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட ஒரு கன்ட்ரோலர்.

காமர்ஸ் மாணவன் பாஷையில் சொன்னால், நைட்ரஸ் ஒரு கடன். வாங்குவது எஞ்சின், பெயர் எடுப்பது டிரைவர். ஜாமீன் கையெழுத்துப் போட்டது மட்டும் கியர் பாக்ஸ். நண்பா, உன் 150 சிசி பைக்கின் கியர் பாக்ஸ் யாருக்கும் ஜாமீன் போடும் நிலைமையில் இல்லை. விட்டுவிடு :-)