பதங்கம்
டப்பாவில் வைத்த கற்பூரம் குறைந்தால் ‘கரைந்துவிட்டது’ என்கிறோம். கரைய ஏதாவது நீர்மம் வேண்டுமே! திண்மம் நீர்மமாகாமல் நேரே ஆவியாவதற்குப் பாடநூல் தரும் சொல் பதங்கமாதல். பிள்ளைகள் பொருள் அறியாமலே அதை மனப்பாடம் செய்வது எனக்கு வருத்தம். பதங்கம் வடசொல், பறப்பது என்று பொருள். பறவைக்கும் விட்டிலுக்கும் அந்தப் பெயர் உண்டு. சித்த மருத்துவத்திலோ அது ஒரு மருந்து வகை. சட்டியில் மருந்துச் சரக்கை இட்டு, மேலே இன்னொரு சட்டியைக் கவிழ்த்து, இணைப்பை மண் பூசிய துணியால் மூடி (சீலைமண் செய்து) எரிப்பார்கள். ஆவி மேலேறி மேல்சட்டியின் உட்புறத்தில் படியும். அந்தப் படிவே பதங்கம். பறந்துபோய் ஒட்டிய பொருளுக்கு எவ்வளவு பொருத்தமான பெயர்! இன்று பாடநூலில் அந்தச் சொல் படிவை விட்டு மாற்றத்தைக் குறிக்கிறது. அதற்குப் பதில் ‘நேராவியாதல்’ என்றால் எளிதில் விளங்கும்தான். ஆனாலும் வைத்தியர் அடுப்படியில் பழகிய சொல்லை நான் கைவிடமாட்டேன். ஆசிரியர்களே, அந்த இரண்டு சட்டிகளையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.