மாண்டவன் மேடையேறினான்!

மேடையிலேயே தன்மீது எண்ணெயை ஊற்றிக் கொளுத்திக்கொண்டு மாண்டான் என்றனர் சிலர். அல்ல, அல்ல, பாடி முடித்ததும் கைத்துப்பாக்கியை எடுத்துத் தன் தலையிலே சுட்டுக்கொண்டான் என்றனர் வேறு சிலர். சிறையிலே செத்தான் என்போரும் இருந்தனர். போதைமருந்துக்குப் பலியானான் என்போரும் இருந்தனர். சாவு ஒன்று, கதை நான்கு! கண்டவர் எவர்? ஒருவருமில்லை. கேட்டவர்? நாடெங்கும் இருந்தனர்! கால் நூற்றாண்டுக் காலம், படித்த இளைஞர் கூட்டமொன்று இந்தச் சாவை நம்பிற்று. செத்துவிட்டதாகச் சொல்லப்பட்ட அந்த மனிதரோ, கடலுக்கு அப்பால், பாழடைந்த வீடுகளை இடித்துத் தள்ளும் வேலைக்குக் காலையிலே புறப்பட்டுச் சென்று, மாலையிலே தூசு படிந்த உடலோடு வீடு திரும்பிக்கொண்டிருந்தார்.

கதை உலவிய நாடு தென்னாப்பிரிக்கா. கதைக்கு ஆளான மனிதர், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துத் தொழிலாளி சிக்ஸ்டோ ரோட்ரிகஸ்.

அவருடைய பாட்டை நான் முதன்முதலாகக் கேட்டது அண்மையில்தான். தோழர் ஒருவர் வீட்டிலே, மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், “யார் என்று பிறகு சொல்கிறேன், முதலில் கேள்” என்று கூறிப் பாடவிட்டார். ஒற்றைக் கிதார், உரத்து எழாத குரல். ஏதோ காதல் பாட்டு என்றெண்ணி அரைச்செவியோடு கேட்டுக்கொண்டிருந்தேன். சொற்கள் ஒவ்வொன்றாகப் புரியத் தொடங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சேரியின் நாற்றம், வேலையற்றவனின் பகற்பொழுது, போதை விற்பவனுக்குக் காத்திருப்பவனின் நடுக்கம், மேயரின் பித்தலாட்டம் — இவற்றை எல்லாம், பக்கத்து வீட்டுச் செய்தியைச் சொல்வது போல, கோபத்தைக் குரலில் காட்டாமல் சொல்லிக்கொண்டே போகிறார். ஒரு பாட்டுக்கு அவர் இட்ட தலைப்பே, இது பாட்டல்ல, குமுறல் என்று பொருள்படும். இசைவாணர் இதனை இசை என ஒப்புவரா, நான் அறியேன். எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை.

யார் இவர்? 1942 ஜூலை 10 அன்று டெட்ராய்ட்டில் பிறந்தவர். தந்தை, மெக்சிகோவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த உழைப்பாளி. வீட்டிலே ஆறாவது பிள்ளை. ஆகவே ‘ஆறாவது’ என்னும் பொருள்படச் சிக்ஸ்டோ என்று பெயரிட்டனர். டெட்ராய்ட் மோட்டார் வண்டிகளின் தலைநகர்; உலகுக்கெல்லாம் சக்கரம் பூட்டிய ஊர். அந்தச் சக்கரங்களைப் பூட்டியவர்களுடைய வாழ்வுதான் சேற்றிலே சிக்கிக் கிடந்தது. 1967 ஜூலையிலே நீக்ரோ மக்களின் — அன்றைய ஏடுகள் அவர்களை அப்படித்தான் குறித்தன. கறுப்பின மக்கள் என்பதே தகும் — குமுறல் தெருவிலே வெடித்தபோது, 43 பேர் மாண்டனர். அதே ஆண்டிலேதான் ரோட்ரிகசின் முதல் தட்டு வெளிவந்தது. தட்டிலே அவர் பெயர் எப்படி இருந்தது தெரியுமா? ‘ராட் ரிகஸ்’! ஒரு பெயரை இரண்டாக வெட்டினர். மெக்சிகோ மறைந்தது, அமெரிக்கா தெரிந்தது. நிறம் பார்த்து விலை பேசும் சந்தையிலே பெயருக்கும் சுண்ணாம்பு அடிக்க வேண்டியிருந்தது போலும்.

மதுக்கடை ஒன்றில், புகைமூட்டத்தின் நடுவே, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று அவர் பாடியதைக் கேட்டுத்தான் மைக் தியடோர், டென்னிஸ் காஃபி என்னும் இருவர் அவரைப் பதிவுக்கு அழைத்துச் சென்றனர். 1970-இல் ‘கோல்டு ஃபேக்ட்’, 1971-இல் ‘கமிங் ஃப்ரம் ரியாலிட்டி’ என இரண்டு இசைத்தட்டுகள் வந்தன. அமெரிக்கா வாங்கவில்லை. நிறுவனம் அவரைக் கைவிட்டது. 1975-இல் நிறுவனமே மூடப்பட்டது. பாடகர் சுத்தியலைக் கையிலெடுத்தார். வீடு இடிக்கும் வேலை, கூரை பழுதுபார்க்கும் வேலை, இடையிலே படிப்பு. 1981-இல் வெய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தத்துவத்திலே பட்டம் பெற்றார். நகர மன்றத் தேர்தலிலே நின்றார், தோற்றார். வாக்குச்சீட்டிலே அவர் பெயரைப் பிழையாக அச்சிட்டிருந்தனர்! பெயர் விஷயத்தில் அந்த ஊர் அவரை விடவேயில்லை.

இனித் தென்னாப்பிரிக்காவுக்குச் செல்வோம்.

அங்கே 1948 முதல் ஆட்சி செலுத்தியது நிறவெறி. 1950-இல் இயற்றிய சட்டம் ஒவ்வொரு மனிதனையும் நிறம் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றிற்று. அதே ஆண்டின் மற்றொரு சட்டம், இன்ன நிறத்தான் இன்ன தெருவில்தான் வாழலாம் என்று கோடு கிழித்தது. 1860 முதல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட நம்மவரின் பேரப்பிள்ளைகளும் அந்தக் கோட்டுக்குள் அடைபட்டனர். இதற்கெல்லாம் வேதச் சான்று காட்டி ஆசி வழங்கிற்று டச்சுச் சீர்திருத்தத் திருச்சபை. வருணத்துக்கு வேதம் காட்டியவர்களை அறிந்த நமக்கு இது புதிதன்று.

அடக்குவோன் தன் பிள்ளைகளையும் அடக்காமல் இருக்க முடியாது. கறுப்பினத்தானைப் பூட்டி வைத்த சாவி, வெள்ளை வீட்டு வாயிலையும் பூட்டிற்று. தொலைக்காட்சி மக்களைக் கெடுக்கும் என்று அஞ்சிய அந்த அரசு, 1976 வரையில் அதை நாட்டுக்குள்ளேயே விடவில்லை. நூல்களுக்குத் தடை, படங்களுக்குத் தடை, பாட்டுக்குத் தடை. வெள்ளை இளைஞர்களுக்கோ, 1967 முதல் கட்டாயப் படைப்பணி. ஏன் சுட வேண்டும், எவனைச் சுட வேண்டும் என்று கேட்கும் உரிமை இல்லை; துப்பாக்கி மட்டும் உண்டு. இந்த இறுக்கத்திலேதான் ரோட்ரிகசின் இசைத்தட்டு வந்து விழுந்தது. எவர் கொண்டுவந்தார் என்பதற்கும் ஒரு கதை சொல்வர்: அமெரிக்கப் பெண் ஒருத்தி காதலனைக் காண வந்தபோது கையோடு கொணர்ந்தாளாம். எப்படியோ வந்தது. வீட்டுக்கு வீடு பரவிற்று. நாடாக்களிலே படியெடுக்கப்பட்டுப் படைவீரர்களின் பாசறைகளுக்கும் சென்றது. அதிகார அமைப்பை எதிர்ப்பது என்று ஒரு செயல் உண்டு, அதற்கு ஒரு சொல்லும் உண்டு என்பதையே அந்தத் தட்டிலிருந்துதான் கற்றோம் என்று பிற்காலத்தில் அவர்களுள் ஒருவர் கூறினார்.

ஆட்சி என்ன செய்தது? ஒலிபரப்புக் கழகத்தின் இசைத்தட்டுக் காப்பகத்திலே, ‘சுகர் மேன்’ என்ற பாட்டு அமைந்த வரிப்பள்ளத்தைக் கூர்முனையால் கீறி வைத்தனர். மறந்துபோய் ஒருவன் முள்ளை வைத்தாலும் பாட்டு எழாது. அந்தக் கீறல் இன்றும் இருக்கிறது. இரும்புக் கோட்டை, இராணுவம், காவற்படை, தூக்குமேடை — இத்தனையும் வைத்திருந்த ஓர் அரசு, ஓர் ஏழைத் தொழிலாளியின் மூன்று நிமிடப் பாட்டைக் கண்டு ஆணியைத் தேடிற்று!

இந்த விதை 1989-இல் முளைவிட்டதையும் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்கான்ஸ் மொழி பேசும் வெள்ளை இளைஞர் சிலர், தம் திருச்சபையின் பெயரையே கேலியாக எடுத்து இசைக்குழுவுக்குச் சூட்டிக்கொண்டு, ஊர் ஊராகச் சென்று தம் இனத்தின் ஆட்சியையே பாடிப் பழித்தனர். பல்கலைக்கழகங்கள் வாயிலை அடைத்தன. அக்குழுவினர் தமக்கு வழிகாட்டியவருள் ஒருவராக ரோட்ரிகசைக் குறிப்பிடுகின்றனர்.

ஆனால், தோழர்களே, இவ்வளவு கலகம் பேசிய அந்த இளைஞர்கள் ஒன்றை மட்டும் கேட்கவில்லை: ‘பாடியவன் செத்தான் என்கிறாயே, எங்கே செத்தான்? என்று செத்தான்? எவன் பார்த்தான்?’ அரசை நம்ப மறுத்தவர்கள் வதந்தியை நம்பினர். காரணம் உண்டு. அந்நாட்டோடு கலைத்தொடர்பு கொள்ள வேண்டாம் என ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1968-இல் கேட்டுக்கொண்டது. அது தகுந்த தண்டனையே. அரசும் தன் பங்குக்குச் சன்னல்களை அடைத்தது. அடைத்த வீட்டிலே பேய்க்கதைதான் வளரும். மேலும், உயிரோடு கூலிவேலை செய்பவனைவிடத் தீயிலே வெந்தவன் வணங்குவதற்கு ஏற்றவன் அல்லவா? தியாகத்தின்மேல் உள்ள இந்த மயக்கம் நமக்கும் உண்டு, ஒளிப்பானேன்?

கேள்வி கேட்டவர்கள் இருவர். கேப் டவுன் நகரத்து ஸ்டீபன் செகர்மன், இரண்டாவது இசைத்தட்டு 1996-இல் குறுந்தட்டாக மறுபடி வெளிவந்தபோது, அதன் உறைக்குறிப்பிலே இந்தப் பாடகரைத் துருவித் தேட எவரேனும் முன்வரமாட்டாரா என்று கேட்டார். அதைப் படித்துப் புறப்பட்டார், கிரெய்க் பார்த்தலோமியூ எனும் செய்தியாளர். அவர் கையிலிருந்த சான்று என்ன? பாட்டுகள் மட்டுமே. தட்டின்மேல் பாட்டாசிரியர் பெயர் ஓரிடத்தில் ஏசு ரோட்ரிகஸ் என்றும், ஓரிடத்தில் ‘ஆறாம் இளவரசன்’ என்றும் இருந்தது. பணம் போன வழியைப் பிடித்துச் சென்று பார்த்தார், வழி அடைபட்டது. பாட்டுகளிலே வரும் ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடினார், பயனில்லை. கடைசியிலே, ஒரு பாட்டிலே டியர்பார்ன் என்றொரு பெயர் கண்ணிலே பட்டது. நிலப்படத்தைப் பிரித்தார். டெட்ராய்ட்டை ஒட்டிக் கிடந்தது டியர்பார்ன்! அங்கிருந்து நூல் பிடித்து 1997-இல் மைக் தியடோரை எட்டினார். எப்படிச் செத்தார் ரோட்ரிகஸ் என்று கேட்டவருக்குக் கிடைத்த விடை: சாகவேயில்லை!

டியர்பார்ன் என்ற பெயரை எளிதில் கடந்துவிடக் கூடாது. ஃபோர்டு கம்பெனியின் மாபெரும் தொழிற்சாலை அமைந்த ஊர் அது. 1942 முதல் 1978 வரை அங்கே மேயராக வீற்றிருந்தவர் ஆர்வில் ஹப்பார்டு. கறுப்பினத்தவர் தம் ஊரில் குடியேறக் கூடாது என்பதையே கொள்கையாகக் கொண்டு தேர்தலுக்குத் தேர்தல் வென்றவர். நிறவெறி நாட்டிலிருந்து பாடகனைத் தேடிப் புறப்பட்டவருக்கு வழி காட்டியது, இன்னொரு நிறவெறி ஊரின் பெயர்.

அதே 1997-இல் செகர்மன் தேடுதலுக்கென இணையத்தில் ஒரு தளம் அமைத்திருந்தார். அதைக் கண்ட ரோட்ரிகசின் மகள்களுள் ஒருவர், நீங்கள் தேடுபவர் என் தந்தை என்று தெரிவித்தார். 1998 மார்ச் மாதம் ரோட்ரிகஸ் கேப் டவுன் வந்து இறங்கினார். முதல் நாள் நிகழ்ச்சியிலே, அவர் மேடையில் வந்து நின்றதும் ஆயிரக்கணக்கானோர் எழுந்து எழுப்பிய முழக்கம் நிமிடக்கணக்கில் அடங்கவில்லை. ஆறு நிகழ்ச்சிகள் முடிந்தன. அவர் டெட்ராய்ட் திரும்பினார். அதே பழைய வீடு, அதே வேலை. ஈட்டியதில் பெரும்பகுதியை உற்றாருக்கும் நண்பருக்கும் கொடுத்துவிட்டார். தென்னாப்பிரிக்காவிலே விற்ற தட்டுகளுக்கான பங்குத்தொகை தமக்கு வந்து சேரவில்லை என்பது அவர் கூற்று. கேட்டவன் செத்ததாக நம்புகிறான். பாடியவனுக்கு விற்பனையே தெரியாது. இடையிலே நின்றவர்களுக்கு இது எவ்வளவு வசதி!

இந்தக் கதையை ஸ்வீடனைச் சேர்ந்த மாலிக் பெஞ்செல்லூல் ‘சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்’ என்ற படமாக எடுத்து, 2012-இல் வெளியிட்டார். மறு ஆண்டு ஆஸ்கார் பரிசும் பெற்றது. நல்ல படம், ஆனால் அதுவும் ஓர் உண்மையை விழுங்கிற்று. ஆஸ்திரேலிய மக்கள் ரோட்ரிகசை 1970-களிலேயே கண்டுகொண்டனர். 1979-லும் 1981-லும் அவர் அங்கே நேரில் சென்று பாடினார். அந்த நிகழ்ச்சிகளின் பதிவு 1981-இல் தட்டாகவே வந்தது. அதன் பெயர் ‘உயிரோடிருக்கிறார் ரோட்ரிகஸ்’ என்று பொருள்படும்! தென்னாப்பிரிக்கர் துக்கம் கொண்டாடிய காலத்திலேயே, மற்றொரு கண்டத்தில் அவர் உயிரோடிருப்பது உறையின் மேலேயே அச்சாகியிருந்தது. படம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் வியப்புக் குறையும் அல்லவா? வதந்தியை உடைத்த படமே ஒரு சிறு வதந்தியை ஊட்டி வளர்த்தது.

2023 ஆகஸ்ட் 8 அன்று, 81-ஆம் வயதிலே ரோட்ரிகஸ் உண்மையாகவே இறந்தார். செய்தியை முதலில் அறிவித்தது, அவரைத் தேடுவதற்காகத் தோன்றியதன் வழிவந்த இணையத்தளமே.

இவ்வளவும் கேட்டு முடித்தபின் என் நெஞ்சிலே ஒரு முள் உறுத்திற்று. ரோட்ரிகசைக் கொண்டாடியவர்கள் பெரும்பாலும் வெள்ளையர். அடுத்த தெருவிலே, அவர்கள் வீட்டுச் சமையற்காரியின் குடிசையிலே, விடுதலைப் பாட்டு இருக்கவில்லையா? இருந்தது. வுயிசிலே மினி என்றொரு மனிதர், போர்ட் எலிசபெத் நகரத்துத் தொழிற்சங்கவாதி, கம்பீரமான அடிக்குரலோன், பாட்டைத் தாமே கட்டித் தாமே பாடியவர். நிறவெறியின் சிற்பி ஃபெர்வூர்டைப் பெயர் சொல்லி அழைத்து, கறுப்பு மனிதன் வருகிறான் பார் என எச்சரிக்கும் பாட்டு அவருடையது. அவர் பாட்டைக் கீறவில்லை ஆட்சி. அவர் கழுத்திலேயே கயிற்றை மாட்டிற்று. 1964 நவம்பர் 6 அன்று பிரிட்டோரியா சிறையில், காயிங்கா, ம்காபா என்னும் தோழர் இருவரோடு அவர் தூக்கிலிடப்பட்டார். மூவரும் பாடிக்கொண்டே தூக்குமேடைக்குச் சென்றதை, அப்போது அதே சிறையிலிருந்தவர் எழுதியிருக்கிறார். உடல்களை உறவினரிடம் தரவில்லை; ஏழையர் இடுகாட்டிலே மறைவாகப் புதைத்தனர்.

ரோட்ரிகஸ் எப்படிச் செத்தார் என்று நாலு கதை சொன்ன இளைஞர்களுள் எத்தனை பேர் மினியின் பெயரை அறிந்திருந்தனர்? அவர் சாவிலே வதந்தி இல்லை. நாள் உண்டு, கயிறு உண்டு, ஆணை உண்டு. கடல் கடந்த டெட்ராய்ட்டின் குமுறல் அவர்கள் செவிக்கு எட்டிற்று. கூப்பிடு தூரத்துச் சேரியின் குமுறல் எட்டவில்லை. தொலைவிலுள்ள ஏழையின் துயரம் இசையாகக் கேட்கும். பக்கத்து ஏழையின் துயரம் கூச்சலாகவே கேட்கும். இதனால் ரோட்ரிகசின் பெருமை ஒரு துளியும் குறையாது. அவர் எவரையும் மறைக்கவில்லை. கேட்ட செவிகளைப் பற்றித்தான் சொல்கிறேன். என் செவியும் அதில் அடக்கம்: மினியின் பெயரை இந்தக் கட்டுரைக்காகத் தேடும்வரை நானும் அறிந்தேனில்லை.

ரோட்ரிகஸ் மேடையேறிய அதே 1998-ஆம் ஆண்டிலே, பிரிட்டோரியா மண்ணிலிருந்து மினியின் எலும்புகளைத் தோண்டியெடுத்து, போர்ட் எலிசபெத்துக்குக் கொண்டுசென்று, வீரர்க்குரிய மரியாதையோடு அடக்கம் செய்தனர். அவருடைய பாட்டை, நாடு கடந்து வாழ நேர்ந்த மிரியம் மக்கேபா பாடியிருக்கிறார். அது அமைந்த இசைத்தட்டு 1966-இல் கிராமி பரிசு பெற்றது. மறுவாரம் தோழர் வீட்டுக்குச் சென்று, இம்முறை நான் அதனைப் பாடவிட்டேன். “யார்?” என்றார். முதலில் கேளுங்கள் என்றேன்.