நிறக்கொடி கட்டிய கிரிஸ்டல்

விரல் நகத்தளவு தகரக் கூடு. கீழே இரண்டு கால், தலையில் ஒரு நிறப் பட்டை. ரிமோட் படகு விட்ட பழைய ஆட்கள் ‘கிரிஸ்டல்’ என்று சொல்வது இதைத்தான். உள்ளே இருப்பது குவார்ட்ஸ் கல்லின் ஒரு சீவல். அழுத்தினால் மின்சாரம் தரும், மின்சாரம் கொடுத்தால் துடிக்கும். இந்தக் குணத்தை ழாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் 1880-ல் பாரிசில் கண்டார்கள். சீவல் மெலிய மெலியத் துடிப்பு வேகமாகும். அந்தத் துடிப்பைக் கொண்டு வானொலி அலையை ஒரே அதிர்வெண்ணில் நிறுத்தி வைக்கலாம் என்று 1921-ல் காட்டியவர் அமெரிக்காவின் வால்டர் கேடி.

ரிமோட் படகு இந்த வானொலிக் கிரிஸ்டலுக்கு மூத்தது. 1898-ல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், தொட்டித் தண்ணீரில் ஒரு சிறு படகைக் கம்பியில்லாமல் திருப்பிக் காட்டினார் நிகோலா டெஸ்லா. அதே ஆண்டு நவம்பர் 8-ம் தேதி காப்புரிமையும் கிடைத்தது. அடுத்தவன் அலை நம் படகைத் திருப்பிவிட்டால் என்ன செய்வது என்ற கவலை அவருக்கு அப்போதே இருந்தது. இரண்டு அதிர்வெண்கள் சேர்ந்து வந்தால்தான் கருவி அசையும் என்றொரு ஏற்பாட்டுக்கும் பிறகு காப்புரிமை வாங்கினார். ‘எந்த அலைவரிசை?’ என்று இன்று நாம் கேட்பதும் அதே கவலைதான்.

கல்லுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரில் ராணுவ வானொலிகளுக்காகப் பிரேசிலிலிருந்து குவார்ட்ஸ் கப்பல் கப்பலாகப் போனது. போன கல்லில் பெரும்பகுதி கழிவு. இப்படியே இன்னொரு நாட்டின் மண்ணை நம்பியிருக்க முடியாது என்று, போருக்குப் பிறகு பெல் ஆய்வகத்தார் எஃகு உருளைக்குள் காரக் கரைசலைச் சூடேற்றி, அழுத்தத்தில் வைத்துப் படிகத்தை வளர்க்கத் தொடங்கினார்கள். சுரங்கக் கல் தொழிற்சாலைப் பயிரானது, விலையும் இறங்கியது. அதன் பிறகு அது பொழுதுபோக்குக்காரர் கைக்கு இன்னும் எளிதாக எட்டியது.

ஜப்பானிய ரிமோட் பெட்டிகளில் ஏறி ஊர் ஊராகப் போன கிரிஸ்டலுக்கு 27 மெகாஹெர்ட்ஸில் ஆறு நிறங்கள் இருந்தன. 26.995 பழுப்பு, 27.045 சிவப்பு, 27.095 ஆரஞ்சு, 27.145 மஞ்சள், 27.195 பச்சை, 27.255 நீலம். ஏரிக்கரையில் யார் எந்த நிறம் என்று ஆன்டெனாவில் கொடி கட்டுவார்கள். மஞ்சள்காரர் படகைக் கரை சேர்க்கும்வரை இன்னொரு மஞ்சள்காரர் பெட்டியைத் திறக்கவே கூடாது. கிரிஸ்டல் எப்போதும் ஜோடி. ரிமோட்டில் ஒன்று, படகிலுள்ள ரிசீவரில் ஒன்று. சாதாரண ரிசீவரில் இருப்பது 455 கிலோஹெர்ட்ஸ் குறைவாகத் துடிக்கும். ரிமோட்டில் 27.145 என்றால் படகில் 26.690. இடம் மாற்றிச் செருகக் கூடாது. கடையில் வாங்கிய மலிவு பொம்மைகளுக்கு இந்த ஒழுக்கமெல்லாம் கிடையாது. ஒரு ரிமோட்டைத் திருப்பினால் தெருவிலுள்ள இரண்டு காரும் சேர்ந்து திரும்பியதைப் பார்க்காத பிள்ளை உண்டா?

நம் நாட்டில் இந்தப் பொழுதுபோக்கை முறையாகப் பிடித்து வைத்திருப்பது என்சிசி கடற்படைப் பிரிவு. அகில இந்திய நௌ சைனிக் முகாமில் கப்பல் மாதிரி செய்வதும் ஒரு போட்டி. கல்லூரியில் அங்கே விரல் பழகியவர்கள் வேலை, குடும்பம் என்று போய், ஐம்பது வயதில் பரணிலிருந்து பெட்டியை இறக்குகிறார்கள். செங்கல்பட்டுக்காரர்களுக்குக் கொளவாய் ஏரி இருக்கிறது. மாமல்லபுரத்துப் பக்கம் இருப்பவர்களுக்குப் பக்கிங்காம் கால்வாயும் முட்டுக்காட்டு முகத்துவாரமும் இருக்கின்றன. கடற்கரைக் கோயில் அலையில் மாதிரிப் படகை விடுவது படகுக்குச் செய்யும் துரோகம். ரிமோட் பெட்டியும் நீண்ட ஆன்டெனாவுமாகக் கல்பாக்கம் அணுமின் நிலையப் பக்கம் போய் நிற்பது தனக்கே செய்துகொள்ளும் துரோகம்.

பரணிலிருந்து இறங்குவது 27 மெகாஹெர்ட்ஸ் பெட்டி என்றால் சட்டம் நம் பக்கம். 2005-ல் மத்திய அரசு 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை, 5 வாட்டுக்குள், உரிமம் வேண்டாம் என்றது. ஆறு நிறங்களும் இந்த எல்லைக்குள் அடங்கிவிடும். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த பெட்டி என்றால் யோசிக்க வேண்டும். பிரிட்டனில் 35 மெகாஹெர்ட்ஸ் மாதிரி விமானத்துக்கு, 40 மெகாஹெர்ட்ஸ் படகுக்கும் காருக்கும். அமெரிக்காவில் 72 விமானத்துக்கு, 75 தரையிலும் நீரிலும் ஓடுபவற்றுக்கு. அவை அந்தந்த நாட்டுச் சட்டத்துக்காகச் செய்தவை. இங்கே பொத்தானை அழுத்தும் முன் தொலைத்தொடர்புத் துறையின் விதியைப் பார்த்துவிடுங்கள்.

அதே 2005 ஜனவரியில்தான் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கும் இந்தியாவில் உரிமத் தேவை நீங்கியது. அந்தக் காலகட்டத்தில் ஸ்பெக்ட்ரம் நிறுவனத்தின் 2.4 ரிமோட்டுகள் சந்தைக்கு வர, நிறக்கொடிகள் கரையை விட்டு மறைந்தன. புதிய பெட்டியும் ரிசீவரும் ஒருமுறை ‘பைண்ட்’ ஆனால் ஒன்றையொன்று அடையாளம் வைத்துக்கொள்ளும். பல பெட்டிகள் அலைவரிசை விட்டு அலைவரிசை தாவிக்கொண்டே பேசும். இந்தத் தாவலுக்கும் ஒரு கடல் கதை உண்டு. நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்டீலும் 1942-ல் காப்புரிமை பெற்ற யோசனையில், டார்ப்பிடோவை இயக்கும் அலை பியானோக் கட்டைகளின் எண்ணிக்கைப்படி 88 அதிர்வெண்களுக்கிடையே தாவும். எதிரியால் குறுக்கே புகுந்து கெடுக்க முடியாது.

அப்படியானால் கிரிஸ்டல் செத்துவிட்டதா? இல்லை. 2.4 பெட்டியின் சர்க்யூட் பலகையில் அரிசி மணியளவில் ஒளிந்திருக்கிறது. பிரபலமான சில சில்லுகளுக்கு 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், சிலவற்றுக்கு 26. அதே கல், ஏறத்தாழ அதே துடிப்பு. அதைப் பெருக்கி 2400-க்கு ஏற்றும் வேலையைச் சில்லு பார்த்துக்கொள்கிறது. கழற்றி மாற்றும் உரிமை மட்டும் நம் கையை விட்டுப் போய்விட்டது.

படகுக்காரருக்கு இதில் ஒரு சிக்கல் தண்ணீர். 2.4-ன் அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர், 27-ன் அலைநீளம் 11 மீட்டர். அதனால் 2.4 ரிசீவரின் ஆன்டெனா சின்னது, படகுக்குள் மறைக்க வசதி. ஆனால் அதை நீர்மட்டத்துக்கு மேலே, முடிந்தவரை உயரத்தில் வைக்க வேண்டும். இரண்டு இழை இருந்தால் ஒன்றுக்கொன்று செங்குத்தாக வையுங்கள். பேட்டரி, மோட்டார், கார்பன் ஃபைபர் ஆகியவற்றை விட்டு விலக்குங்கள். ரிமோட் ஆன்டெனாவின் நுனியைப் படகை நோக்கி நீட்டாதீர்கள், நுனித் திசையில்தான் அலை மெலிவு. கரையில் உங்களுக்கும் படகுக்கும் நடுவே கூட்டம் நின்றாலும் அலை பலவீனப்படும், மனித உடம்பும் பெரும்பாலும் தண்ணீர்தானே.

நீர்மூழ்கி மாதிரி செய்கிறவர்கள் 27-ஐயும் 40, 75-ஐயும் விடாமல் பிடித்திருப்பதும் தண்ணீரால்தான். நன்னீரில் சில சென்டிமீட்டருக்குள் 2.4 வலுவிழந்துவிடும். 27 சில மீட்டர் ஆழத்துக்கும் போகும். உப்பு நீரில் இரண்டுமே செல்லாது. 27-கூடச் சில சென்டிமீட்டரில் நின்றுவிடும். எனவே நீர்மூழ்கி விளையாட்டு ஏரியோடு சரி, முட்டுக்காட்டின் உவர்நீரில் வேண்டாம்.

என் தீர்ப்பு இதுதான். மேலே மிதக்கும் படகு என்றால் தயங்காமல் 2.4 வாங்குங்கள், வாங்குமுன் இந்திய அரசின் ‘இடிஏ’ ஒப்புதல் அந்த மாடலுக்கு உண்டா என்று விற்பவரிடம் கேளுங்கள். பழைய 27 பெட்டியின் பேட்டரியை இன்றே கழற்றுங்கள், கசிந்தால் சர்க்யூட்டை அரித்துவிடும். நீர்மூழ்கி ஆசை இருக்கிறவர்கள் கிரிஸ்டல் ஜோடியைக் காயலான் கடைக்குப் போட வேண்டாம்.