பெயர் ஒன்று, ஊர் வேறு



நம்ம ஹாஸ்டலில் முருகன் மூன்று பேர். விழுப்புரம் முருகன், திண்டிவனம் முருகன், வெண்ணெய்நல்லூர் முருகன் என்றுதானே கூப்பிட்டோம்?

இது எங்க ஊர் பழக்கம் சார்! சுந்தரரை மணப்பந்தலில் தடுத்த முதியவர் காட்டிய அடிமை ஓலையிலும் ஊரோடு சேர்த்தே பெயர் இருந்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. பித்தன் எந்த ஊரிலும் உண்டு. வெண்ணெய்நல்லூர்ப் பித்தன் ஒருவன்தான்.

கம்ப்யூட்டர் உலகம் இதைத் தாமதமாகக் கற்றது. எக்ஸ்.எம்.எல். 1998-ல் வந்தது. இரண்டு இடத்து விவரங்களை ஒரே ஃபைலில் சேர்த்தால், எந்தப் 'பெயர்' யாருடையது? 1999 ஜனவரியில் 'நேம்ஸ்பேஸ்' விதி வந்தது. இணைய முகவரியே ஊர்ப்பெயர் ஆனது. 2001-ல் ஸ்கீமா. ஸ்கீமாவைப் படித்து ஜாவா கிளாஸ் எழுதித்தரும் ஜாக்ஸ்பி 2003-ல் வந்தது. ஒரு நேம்ஸ்பேஸுக்கு ஒரு பேக்கேஜ். முகவரியைத் திருப்பிப்போட்டால் பேக்கேஜின் பெயர்.

நானே கிளாஸ் எழுதியபோது ஒருமுறை, உள்ளே வரும் உறுப்புகளுக்கு நேம்ஸ்பேஸ் குறிப்பிட மறந்தேன். புரோகிராம் ஒரு பிழையும் சொல்லவில்லை. அத்தனை விவரமும் காலி! மூன்று நாள் தூக்கம் போச்சு. கடைசியில் பேக்கேஜ்-இன்ஃபோ ஃபைலில் சேர்த்த ஒரே குறிப்பு காப்பாற்றியது.

2018-ல் ஜாவா 11 ஜாக்ஸ்பியை வெளியே அனுப்பியது. 2020-ல் அதன் பேக்கேஜே 'ஜாவாக்ஸ்' விட்டு 'ஜகார்த்தா'வுக்குக் குடிபெயர்ந்தது. பழைய குறிப்புகளைப் புதியது அடையாளம் காணவில்லை.

நண்பர்களே, எங்கே குடிபோனாலும் ஊர்ப்பெயரை விட்டுவிடாதீர்கள். அடுத்த சந்திப்பில் கூப்பிட வேண்டுமே!