பெரு நாட்டுக் கடலும் நெத்திலியும்



கடல் எங்கும் ஒன்றுபோல மீன் விளைவதில்லை. கடலிலும் செழித்த நிலம் உண்டு; தரிசும் உண்டு. தென் அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள பெரு நாட்டுக் கடல் மிகச் செழித்த நிலம்.

அங்கே தெற்கிலிருந்து வீசும் காற்றும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து மேல்நீரைக் கரையிலிருந்து விலக்குகின்றன. அவ்விடத்தை நிரப்ப, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலேறுகிறது. மடிந்த உயிர்கள் மக்கி ஆழத்தில் சேர்ந்த சத்தெல்லாம் அதனோடு வருகிறது. பால்மரத்திற்கும் செம்பனைக்கும் நாம் போடும் உரத்திலுள்ள அதே நைட்ரஜனும் பாஸ்பேட்டும்தான். வெயிலும் உரமும் கூடியவுடன், கண்ணுக்குத் தெரியாத மிதவைத் தாவரங்கள் பெருகுகின்றன. கண்ணாடி போன்ற ஓடுடைய டயாட்டம் என்னும் வகையே அவற்றில் முதன்மையானது. இவற்றையும், இவற்றைத் தின்னும் நுண்பிராணிகளையும் உண்டு வாழ்வது அஞ்சோவெத்தா என்ற மீன். நாம் சம்பலுக்கு வறுக்கும் நெத்திலிக்கு உறவு.

அம்மீனைத் தின்ற பறவைகளின் எச்சம் மழையற்ற தீவுகளில் மலையாய்க் குவிந்தது. 1840களில் அது உரமாக ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. சின்ச்சா தீவுகளில் அதை வெட்டியவர்களில், பின்னர் ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்ட சீனத் தொழிலாளரும் இருந்தனர். பலர் அங்கேயே மாண்டனர். ஒப்பந்தம் என்ற சொல்லின் பொருளை நம் பாட்டன்மாரும் அறிந்திருந்தார்கள்.

1950களில் மீனையே அரைத்துக் கோழித் தீவனமாக விற்கும் ஆலைகள் எழுந்தன. ஆண்டுக்கு 95 லட்சம் டன்னுக்கு மேல் பிடிக்கலாகாது என அறிஞர்கள் 1970இல் கூறினர். அவ்வாண்டே ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் டன் பிடித்தார்கள்.

1972இல் பசிபிக் கடலின் காற்று தளர்ந்தது. மேற்கே தேங்கியிருந்த சூடான நீர் கிழக்கே பரவியது. கிறிஸ்துமஸ் காலத்தில் வருவதால் மீனவர்கள் குழந்தை இயேசுவின் பெயரால் எல் நினோ என்று அழைத்தது இதைத்தான். பெருவின் கரையில் நீர் மேலேறியதென்னவோ உண்மை. ஆனால் ஏறியது சத்தற்ற சூடான நீர். டயாட்டம் குன்றியது, சத்துக் குறைந்த நீரிலும் பிழைக்கும் மிகச் சிறிய தாவரங்கள் அவ்விடத்தைப் பிடித்தன. பசித்த மீன்கள் கரையோரம் மிஞ்சியிருந்த குளிர்நீரில் ஒடுங்கின. படகுகளுக்கு அது வசதியாயிற்று; அள்ளித் தீர்த்தார்கள். கடலை மட்டும் குறை கூறுவது நியாயமாகப் படவில்லை.

1973இல் கிடைத்தது சுமார் 20 லட்சம் டன். அரசு ஆலைகளையும் படகுகளையும் நாட்டுடைமையாக்கியது. ஆயினும் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். 1994இல்தான் பிடிப்பு மீண்டும் 1 கோடி டன்னைத் தாண்டியது. வேலை போன நாளில் இளைஞனாக இருந்தவனுக்கு அதற்குள் நடுவயது ஆகியிருக்கும்.