குழந்தை, இயந்திரம், பதின்மூன்று என்ற எண்

1

குழந்தைகள் செயற்கை நுண்ணறிவைப் பத்திரமாகப் பயன்படுத்துவது எப்படி என்று இன்றைக்கு எல்லோரும் பேசுகிறார்கள். அரசு பேசுகிறது, பள்ளிக்கூடம் பேசுகிறது, அந்த இயந்திரத்தை விற்கிற கம்பெனியும் அதே அக்கறையோடு பேசுகிறது. எதிரெதிராக நிற்க வேண்டியவர்கள் ஒரே குரலில் பேசினால் அந்தப் பேச்சைக் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. 'பாதுகாப்பு' என்ற இந்தச் சொல்லாடலுக்குள் கட்டமைக்கப்படும் குழந்தை யார்? அதற்குப் பொறுப்பாளியாக நிறுத்தப்படுவது யார்? இந்தக் கேள்விகளோடு கடந்த எழுபது ஆண்டுகளைத் திரும்பிப் பார்க்கலாம்.

2

1953இல் அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் தன் மகளின் நாலாம் வகுப்புக் கணக்குப் பாடத்தைப் பார்க்கப் போனார். பிள்ளைகள் கணக்கைப் போட்டுவிட்டு, அது சரியா தப்பா என்று தெரியாமலேயே உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த ஆண்டு அவர் ஒரு போதனா இயந்திரத்தைச் செய்து காட்டினார். ஒரு கேள்வி, ஒரு விடை, சரி என்றால் உடனே அடுத்த கேள்வி. சின்னச் சின்ன அடி, உடனுக்குடன் பலன். புறாக்களைப் பழக்கிய அதே கோட்பாடுதான் பிள்ளைகளுக்கும். ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் படிக்கலாம் என்பது அதன் நல்ல பக்கம். ஆனால் விடை ஏற்கெனவே இயந்திரத்துக்குள் இருக்கிறது. இயந்திரம் எதிர்பார்க்காத கேள்வியைப் பிள்ளை கேட்க அங்கே வழியே இல்லை.

இதற்கு நேர் எதிர்த்திசையில் 1967இல் ஒரு முயற்சி தொடங்கியது. தென்னாப்பிரிக்காவில் பிறந்து, ஜெனீவாவில் பியாஜேயுடன் வேலை செய்த சீமோர் பேப்பர்ட், வாலி ஃபோயர்சைக், சிந்தியா சாலமன் முதலியோரோடு சேர்ந்து 'லோகோ' என்ற கணினி மொழியைக் குழந்தைகளுக்காகவே உருவாக்கினார். அதில் ஓர் ஆமை உண்டு. ஐம்பது அடி முன்னால் போ, வலப்பக்கம் திரும்பு என்று குழந்தை ஆணையிட ஆமை கோடு இழுத்துக்கொண்டே போகும். சதுரம் வரவில்லை என்றால் குழந்தை தானே ஆமையாகி, தரையில் நடந்து பார்த்து எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்கும். இங்கே தப்பு என்பது தண்டனைக்குரியதாக இல்லை. நோண்டிப் பார்க்க வேண்டிய பொருளாக மாறிவிடுகிறது. கணினி குழந்தையைப் பழக்குகிறதா, குழந்தை கணினியைப் பழக்குகிறதா என்பதுதான் 1980இல் வெளிவந்த பேப்பர்ட்டின் 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூலின் மையமான கேள்வி. அது இன்றும் அப்படியே நிற்கிறது.

3

இவ்விரண்டுக்கும் நடுவில் இன்னொன்று நடந்தது. 1966இல் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் 'எலிசா' என்ற பேசும் நிரலை வெளியிட்டார். வைசன்பாம் நாஜி ஜெர்மனியிலிருந்து குடும்பத்தோடு தப்பிவந்த யூதர். எலிசா உளச்சிகிச்சையாளர் மாதிரி பேசும். சூட்சுமம் ரொம்பச் சாதாரணம். நாம் தட்டுவதிலிருந்து ஒரு சொல்லைப் பிடிக்கும், 'என்' என்பதை 'உன்' என்று மாற்றித் திருப்பிக் கேட்கும். 'அம்மா' என்று வந்துவிட்டால் உன் குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல் என்னும். அவ்வளவுதான், உள்ளே ஒன்றுமில்லை. இந்த நிரல் உருவானதை மாதக்கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்தவர் அவருடைய செயலாளர். அந்தப் பெண்மணி அதனிடம் நாலு வார்த்தை பேசியதும், நீங்கள் கொஞ்சம் வெளியே போகிறீர்களா என்று வைசன்பாமையே கேட்டாராம். அவர் அதிர்ந்துபோனார். தான் செய்த கருவியையே விமர்சிக்கிறவராக மாறினார். மனிதர்கள்தான் செய்ய வேண்டிய காரியங்கள் சில உண்டு, அவற்றை இயந்திரத்திடம் விடக்கூடாது என்று 1976இல் ஒரு நூலே எழுதினார்.

எல்லாம் தெரிந்த பெரியவருக்கே இந்தக் கதி என்றால் பத்து வயதுப் பிள்ளை எம்மாத்திரம்? 2022 நவம்பரில் வந்த சாட்ஜிபிடி எலிசாவின் வழியில் செய்யப்பட்டதல்ல. கோடிக்கணக்கான பக்கங்களில் பழகி, அடுத்து வரக்கூடிய சொல் எது என்று கணித்துக் கணித்து வாக்கியமாக்குகிறது. எனவே அது பொய் சொல்லும்போதும் நல்ல தமிழில், தயக்கமே இல்லாமல் சொல்லும். ஆனால் கேட்பவர் மனசில் நடப்பது 1966இல் நடந்த அதேதான். நம்மைக் கேட்க ஓர் ஆள் இருக்கிறது என்ற நினைப்பு. 2024 அக்டோபரில் ஃப்ளோரிடாவில் ஒரு தாய், பதினாலு வயது மகனின் தற்கொலைக்குப் பிறகு கேரக்டர்.ஏஐ நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார். அதன் பாத்திரமொன்றோடு பையன் பல மாதங்களாகப் பேசிவந்திருக்கிறான். பதினெட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இத்தகைய கட்டற்ற உரையாடல் கிடையாது என்று அந்நிறுவனம் அறிவித்தது 2025 அக்டோபரில்தான்.

4

சரி, சட்டம் என்ன செய்தது? 'பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டோருக்கு' என்ற வாசகத்தை எல்லா இடத்திலும் பார்க்கிறோம். இந்தப் பதின்மூன்று எங்கிருந்து வந்தது? 1998இல் அமெரிக்கா இயற்றி 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டத்திலிருந்து. பதின்மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் விவரங்களை இணைய நிறுவனங்கள் சேகரிக்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்றது அது. அதாவது பேசும் இயந்திரத்தைக் கையாளும் பக்குவம் எந்த வயதில் வருகிறது என்று யாரும் ஆராய்ந்து கண்ட எண்ணல்ல இது. விவரம் திரட்டுவதை ஒழுங்குபடுத்திய ஒரு வியாபார எல்லை. நிறுவனங்கள் சம்மதம் வாங்கும் தொல்லையைத் தவிர்க்க, பதின்மூன்றுக்குக் கீழே அனுமதியில்லை என்று எழுதிவைத்தன. பிள்ளைகள் பிறந்த வருஷத்தை மாற்றிப் போட்டார்கள். விஷயம் முடிந்தது.

2023 மார்ச் கடைசியில் இத்தாலியின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் சாட்ஜிபிடியைத் தடுத்து நிறுத்தியது. வயதைச் சோதிக்க வழியில்லை என்பது காரணங்களில் ஒன்று. ஒரு மாதத்துக்குள் அது திரும்பி வந்தது. நியூயார்க் நகரப் பள்ளிகள் ஜனவரியில் போட்ட தடையை மே மாதத்திலேயே கைவிட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் யுனெஸ்கோ வகுப்பறைப் பயன்பாட்டுக்குக் குறைந்தபட்ச வயதாகப் பரிந்துரைத்ததும் பதின்மூன்றுதான்.

5

இந்தச் சொல்லாடலில் குழந்தை எப்போதும் அப்பாவி. ஸ்பெயினின் அல்மென்த்ராலேஹோ ஊரில் 2023 செப்டம்பரில் வெளிப்பட்ட சம்பவம் இதைக் குலைத்துப்போட்டது. கூடப் படிக்கிற பையன்களே சிறுமிகளின் சாதாரணப் புகைப்படங்களை ஒரு செயலியில் போட்டு நிர்வாணப் படங்களாக்கிச் சுற்றுக்கு விட்டார்கள். சிறுமிகள் வாய்மூடிக் கிடக்கவில்லை. தாய்மார்கள் பகிரங்கமாகப் பேசினார்கள். 2024இல் சிறார் நீதிமன்றம் 15 பேருக்கு ஓராண்டு கண்காணிப்பு விதித்து, பாலினச் சமத்துவ வகுப்புக்கும் அனுப்பியது. எந்த வயதுப் பூட்டும் இங்கே உதவியிருக்காது. பெண்ணுடம்பைப் பற்றி அந்தப் பையன்கள் கருவிக்கு முன்பே கற்றிருந்ததுதான் பிரச்சினை.

நம்முடைய நாட்டில் 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு நிரம்பாத அனைவரையும் குழந்தை என்கிறது. அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. இது வரவேற்கத்தக்கது. கூடவே, சரிபார்க்கத்தக்க பெற்றோர் சம்மதம் என்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. எந்தப் பெற்றோர்? முதல் தலைமுறையாகப் படிக்கிற பிள்ளையின் வீட்டில் போனில் வருவதைப் படித்துச் சொல்வதே அந்தப் பிள்ளைதான். தனக்கான சம்மதத்தைத் தானே வாசித்துக் காட்டி, அப்பாவின் விரலைப் பிடித்து அமுக்க வைக்கும். இன்னொரு வீட்டில் பதினேழு வயதுப் பெண் கையில் போன் இருப்பதே அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. அங்கே 'சம்மதம்' என்பது குடும்ப அதிகாரத்துக்குச் சட்டம் தருகிற இன்னொரு சாவி. கம்பெனிக்காரன் கையைக் கழுவிவிடுகிறான், பழி அம்மா தலையில் விழுகிறது.

6

அப்படின்னா என்னதான் செய்வது? பேப்பர்ட்டின் ஆமைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. பிள்ளையோடு கூட உட்கார்ந்து, அதன் சொந்த ஊரைப் பற்றி இயந்திரத்திடம் கேட்கச் சொல்லலாம். ஊர்க் கோயில், ஏரி, தெருப் பெயர். பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த இடத்தில் அது கூசாமல் அளந்துவிடுவதைப் பிள்ளையே கையும் களவுமாகப் பிடிக்கும். அப்புறம் தனக்குத் தெரியாத விஷயத்தில் அதை அப்படியே நம்பாது. தாத்தாவிடம் கேட்கும், புத்தகத்தைப் புரட்டும். பெயர், பள்ளிக்கூடம், முகவரி, புகைப்படம் இவற்றை ஏன் தரக்கூடாது என்பதையும் வெறும் உத்தரவாகச் சொல்லாமல், அந்த விவரம் யாரிடம் போய்ச் சேருகிறது என்று விளக்க வேண்டும். அடுத்தவர் படத்தைத் தொடாதே என்பதைப் பையன்களிடம் முதலில் பேச வேண்டும். மனசு உடைந்தால் வந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும். திட்டாத ஆள்.

கடைசியாக நம் பள்ளிக்கூடம். ஸ்கின்னரின் இயந்திரம் இங்கே விலைக்கு வராமலே வேலை செய்தது. தமிழ் எம்.ஏ. படித்த நானும் நோட்ஸில் இருந்த பொருள் நயத்தைக் கமா மாறாமல் எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான். அந்தக் கவிதை எனக்கு என்ன செய்தது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. விடையைத் திருப்பி ஒப்பிப்பதையே படிப்பு என்று வைத்துக்கொண்டிருக்கிற வகுப்பறை, பிள்ளை இயந்திரத்திடம் விடை வாங்குகிறது என்று எந்த முகத்தோடு கோபித்துக்கொள்ளும்? கேள்வி கேட்ட பிள்ளையை உட்கார வைக்காத வகுப்பறையிலிருந்துதான் இதைத் தொடங்க முடியும்.